டிவியில் வந்த மாப்பிள்ளை

என் தங்கையின் கணவரைத் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். என்னை மன்னார்குடியில் நாலு தெருவுக்குத் தெரியும். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே நாளிதழில், ஒரே வேலையில்தான் தொடங்கினோம். அவர் நாகப்பட்டினத்து நிருபர், நான் மன்னார்குடி நிருபர். சாலை மறியல் என்று எழுத எந்த ரகரம் போடுவது என்று அப்போது அவர் என்னைத்தான் கேட்பார்.

அவருக்கு எழுத்து வராது. ஆனால் ஆளைப் பேச வைக்கத் தெரியும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தாசில்தார் அவரிடம் சொந்தக் குடும்பச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதே தாசில்தார் என்னைப் பார்த்தால் மேஜைமேல் இருக்கும் ஃபைலை மூடிவைப்பார். ஒரு தீபாவளிக்கு இந்த நாகை நண்பரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தேன். என் தங்கையும் அவரிடம் பேசினாள். மறு வருஷம் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

கல்யாணமான கொஞ்ச நாளில் அவர் சென்னையில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் சேர்ந்தார். ரகசியக் கேமராவோடு போய் ஊழலைப் பிடித்துக் காட்டும் நிகழ்ச்சி, ஞாயிறுதோறும் காலையில் வரும். அந்த நேரத்தில் அப்பா எதிர் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். என் செய்திகள் ‘நமது நிருபர்’ என்றுதான் அச்சாகும். “ஒம் பேரையே போட மாட்டேங்கறானுவளேடா” என்பார் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிப் படவில்லை. நிகழ்ச்சி தொடங்கும்போது நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவேன். போகும் வழியெல்லாம் வீட்டுக்கு வீடு அவர் குரல்தான் கேட்கும்.

அந்த வருஷங்களில் கடலோரத்தில் நெல்வயல்கள் இறால் பண்ணைகளாக மாறிக்கொண்டிருந்தன. பண்ணைக்காரர்கள் உப்புத் தண்ணீரை வடிகால் வாய்க்காலில் திறந்துவிட, பக்கத்து வயல்களில் நாற்று வெந்து மடிந்தது. நாகைக்குத் தெற்கே ஓர் ஊரில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த ஓர் அம்மாள், வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, “நக்கிப் பாருங்க தம்பி” என்றார். கடல் தண்ணீர் மாதிரியே கரித்தது. பண்ணையில் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளருக்குப் பங்கு என்று ஊரே சொன்னது. நாகை நிருபர் இடம் காலியாகக் கிடந்ததால் அந்தப் பகுதியும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு வருஷம் பஸ் மாறி மாறிப் போய் எழுதினேன். உள்பக்கத்தில், தையல் பயிற்சி விளம்பரத்துக்குக் கீழே, ‘விவசாயிகள் கவலை’ என்று கால் பத்தியில் வந்தது.

பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை, இலையில் உட்கார்ந்தபடி, “மச்சான், இங்க என்ன ஓடிட்டிருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவரிடம் இல்லாத செய்தி என்னிடம் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் முழுவதையும் சொன்னேன்.

அடுத்த மாதமே அவர் பண்ணையில் பணம் போட வந்த பெரிய மனிதராகச் செயலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தானில் கேமராவோடு. அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னதைத் தமிழ்நாடே பார்த்தது. “நிலத்த நாம கேக்கவே வேணாம் சார். தண்ணிய வாய்க்கால்ல தொறந்து விட்டாப் போதும். ரெண்டு போகத்துல அவனே பட்டாவோட வந்து நிப்பான்.” பிறகு அந்த மாவட்டத்து மந்திரியைப் பற்றி மாப்பிள்ளையின் கேள்வி: “மந்திரிக்கு இது தெரியுமா?” பதில்: “அவருக்குத் தெரியாம இங்க என்ன நடக்கும்?”

மந்திரியின் ஆட்கள் பஸ்ஸை மறித்தார்கள், கேபிள் வயரை அறுத்தார்கள், என் தங்கை கணவரின் கொடும்பாவியைப் பேருந்து நிலையத்தில் கொளுத்தினார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். அன்று எரிந்த வைக்கோல் பொம்மையைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னைக் கொளுத்தும் அளவுக்கு யாரும் என்னை மதித்ததில்லை.

நிகழ்ச்சியைப் பதிவுசெய்து கேபிள்காரர் ஒரு சிடி கொடுத்தார். வீட்டில் யாரும் இல்லாதபோது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். செயலாளரின் தலைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம். மந்திரியைப் பற்றிக் கேட்கும்போது அதில் மணி பதினொன்றேகால், பதில் வரும்போது பன்னிரண்டரை.

போன் செய்தேன். “மாப்பிள்ளை, அந்தக் கேள்விக்கா அந்தப் பதில்?”

“அது கோயில் தேர் விஷயமாச் சொன்னது மச்சான். ஆனா பண்ணை விஷயம் மந்திரிக்குத் தெரியும்னு ஊருக்கே தெரியுமே.”

“ஊருக்குத் தெரியறது வேற. அவன் வாயால சொன்னது வேற.”

“நீங்க எழுதப்போறீங்களா?”

நான் முடிவுசெய்வதற்குள் கடிகார விஷயத்தை மந்திரி தரப்பே கண்டுபிடித்து வழக்குப் போட்டுவிட்டது. நிகழ்ச்சியில் வந்த எல்லாமே பொய் என்றார்கள். என் ஆசிரியர் கூப்பிட்டு, “நீங்களே எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் நம்புவாங்க” என்றார். உறவை மறைக்காமல் எழுதுவதாக இருந்தால் சரி என்றேன்.

மறுபடி அந்த ஊருக்குப் போனேன். வேளாண்மை அலுவலகத்தில் மண்ணைச் சோதிக்கக் கொடுத்து முடிவு வாங்கினேன். மந்திரி பற்றிய கேள்வியும் பதிலும் வேறு வேறு நேரத்தில் எடுத்து ஒட்டப்பட்டவை என்று எழுதினேன். உப்பும் வாய்க்காலும் செத்த பயிரும் உண்மை என்றும் எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது. என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக என் பெயரோடு. மூன்று பத்திக்குப் பெரிதாக ஒரு படமும் போட்டிருந்தார்கள். படம் மாப்பிள்ளையுடையது.

அன்று காலை தங்கை பேசினாள். “நீ பொய் எழுதலண்ணே, தெரியும். ஆனா எழுதும்போது ஒனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சுல்ல?”

“கையில வேல இருந்துச்சும்மா” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டு அவரை வெளியே அனுப்பியது. அந்த ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவருடைய வக்கீல் என் கட்டுரையின் பின்பாதியைத்தான் எடுத்துவைத்தார். எதிராளியே உண்மை என்று எழுதியிருக்கிறார் என்றாராம். நான் எதிராளி! வழக்கு ஆறிப்போனது. பண்ணையின் மதகுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மாப்பிள்ளை இணையத்தில் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார். முன்னைவிட அதிகம் பேர் பார்க்கிறார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து அந்த ஊர்ப் பக்கம் போனபோது அந்த அம்மாளின் வயலில் சம்பா அறுவடை முடிந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்தார். “டிவிக்காரத் தம்பி நல்லா இருக்காங்களா? அவங்களாலதான் இந்த நெல்லு” என்று ஒரு பை புது அரிசியை என் கையில் திணித்தார். “ஒங்க மாப்பிள்ளயாமே, குடுத்துருங்க.”

சென்னைக்கு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “இது உங்களுக்கு வரவேண்டியது மச்சான். நீங்க போட்ட வழிதானே” என்று சொல்லித் திருப்பி என் பக்கமே நகர்த்தினார். மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் தப்புச் செய்தபோதுகூட அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. பையைத் தங்கையிடம் கொடுத்தேன். அன்று மதியம் அந்தச் சோற்றையே மூவரும் சாப்பிட்டோம்.