கடைசி வள்ளத்தில் ஏறாத கட்சி

தென்மேற்குச் சோழகக் காற்று கிளம்புவதற்குள் ஒருமுறை நெடுந்தீவுக்குப் போய்விடவேண்டும் என்று சில வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சோழகம் தொடங்கினால் கடல் பொல்லாதது. எனக்கோ குளத்தில் தோணியைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டும். இந்தச் சித்திரையில் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. சனி நெடுந்தீவின் காட்டுக்குதிரை, ஞாயிறு நயினாதீவுக் கோயில், இரவே வவுனியா, திங்கள் காலை வங்கியில் என்னுடைய கதிரை. இதுதான் திட்டம். திட்டத்தைக் கெடுத்தவள் என் சிநேகிதி தேவமலர்.

"குதிரை பார்க்கத்தானே போறீர்? எங்களோட வாரும். வாடகை வானில இடமிருக்கு" என்றாள் தொலைபேசியில்.

"எங்களோட" என்றால் அவளுடைய கட்சியோடு. பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே தேர்தல் சின்னத்தை வைத்துக் கடகக் கட்சி என்கிறேன். பனையோலைக் கடகம்தான் சின்னம். வடக்கு கிழக்கின் காணியையும் கடலையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி இங்குள்ளவர்களே முடிவெடுக்கவேண்டும், கொழும்பு எடுக்கக்கூடாது என்பது கோரிக்கை. கோரிக்கை பெரிது, கட்சி சின்னது. முழுக் கட்சியும் ஒரு வானுக்குள் அடங்கிவிடும் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. அன்று நேரிலேயே பார்த்தேன். அடங்கி, எனக்கும் ஜன்னலோரம் இடம் மிஞ்சியது.

சனி காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் புறப்பட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வானில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பஸ்ஸும் ஓடுகிறது, அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், அதில் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுப்பவர்கள். பிறகு அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவுப் பாலம். வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் முகத்தில் அடிக்காது என்று தேவா சொன்னாள். அடித்தது. திசை சொல்வதில் அவளை நம்பவேண்டாம்.

வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். கட்சிக்கு எல்லா இடத்திலும் சேர்த்து ஒரேயொரு பிரதேச சபை உறுப்பினர்தான்: நெடுந்தீவில் கடை வைத்திருக்கும் இன்பமணி அக்கா. அவரும் நெடுந்தீவுக் கிளையும் கட்சியை விட்டுப் போகப்போவதாகச் சேதி வந்திருந்தது.

"இன்பமக்கா போனா பெயர்ப்பலகையைக் கழட்டி விறகாக்க வேண்டியதுதான்" என்றாள். தேவா ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலை முழுவதும் இந்தக் கட்சிக்காகவே அலைகிறவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திருகித் திருகியே வந்தாள்.

முன் இருக்கையில் தலைவர் கனகசபை அண்ணை. வேலணையில் தோட்டம் துரவு உள்ள குடும்பம், வீதி வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். மணிக்கட்டில் ஒரு தேங்காய்ப்பாதி அளவுக்கு மணிக்கூடு. "ஒரு மணிக்குக் கூட்டம். மூண்டு மணிக்குக் கடைசி வள்ளம். ரெண்டரைக்கு எல்லாம் முடியோணும்" என்று குறிகட்டுவான் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்குதுறையில் இரண்டு வரிசை நிற்கும், ஒன்று நயினாதீவு, மற்றது நெடுந்தீவு. கேட்டுவிட்டு நில்லுங்கள். நயினாதீவு கண்ணுக்கு எதிரே தெரிகிறது, கால் மணித்தியாலப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். வள்ளத்தின் உள்ளே டீசல் மணக்கும், ஆகவே மேல்தட்டில் இடம் பிடியுங்கள். நான் குமட்டலுக்கென்று கொண்டுவந்த தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். "கண்ணைத் திறந்து தூரத்தைப் பாரும், பிரட்டாது" என்றாள் தேவா. திறந்தேன். ஐயோ, என்ன நீலம்! வயிறு இருப்பதே மறந்துபோய்விட்டது. (திசை தெரியாவிட்டாலும் கடல் தெரிந்தவள்.)

நெடுந்தீவில் ஓட்டோக்களும் வான்களும் துறையிலேயே நிற்கும். ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வாய்த்தவர் றெஜி. வாய் ஓயாத மனிதர். கட்சிக்காரர் வாசிகசாலையில் கதிரை அடுக்கப் போக, நான் முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே குதிரை தேடிப் போனேன். சீமெந்து இல்லாமல் பவளப்பாறைக் கல்லைக் கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிய வேலி. குதிரைகள் வெட்டைவெளியில் கூட்டமாக நின்று, ஒரு குட்டி மட்டும் எங்களைப் பார்த்து மிரண்டு, பிறகு மிரண்டதை மறந்து புல் தின்றது. ஆள் நுழையும் அளவுக்குப் பருத்த பெருக்கமரத்தின் பொந்துக்குள் போய் நின்று படம் எடுத்தேன்.

"பின்னேரம் கூட்டத்தில சண்டை வருமோ?" என்று றெஜியிடம் கேட்டேன்.

"ஒண்டும் வராது அக்கா. எல்லாரும் ஓம், ஓம் எண்டு தலையாட்டுவினம்."

"கட்சியை விட்டுப் போறம் எண்டு சொன்னவையே?"

"வெளியாக்களுக்கு முன்னால இஞ்ச அப்பிடித்தான். ஆர் வந்தாலும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தானே கதைக்கினம். நாங்களும் ஓம் எண்டு சொல்லி அனுப்பி விட்டிடுவம். வள்ளம் போனாப் பிறகுதான் எங்கட கதை துவங்கும். அப்ப கேக்க ஆளில்லை."

அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். கொழும்பு எங்கள் குரலைக் கேட்பதில்லை என்று மேசையில் தட்டினார். பிறகு, கட்சியை விட்டுப் போகும் எண்ணம் எதுவும் இருந்தால் மறந்துவிடுவோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஓம் அண்ணை, பாப்பம்" என்றார் இன்பமக்கா. மெலிந்த உருவம், வாய் நிறையச் சிரிப்பு, அந்தச் சிரிப்பில் ஒன்றையும் கண்டுபிடிக்க ஏலாது. தலைவருக்குப் பரம திருப்தி. "பாத்தீரே, சுமுகமா முடிஞ்சுது" என்று தேவாவிடம் சொல்லிக்கொண்டே துறைக்கு நடந்தார்.

எனக்கு நாக்கு அரித்தது. துறைக்குப் போகும் வழியில் றெஜி சொன்னதைத் தேவாவின் காதில் போட்டேன். அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணை, நான் வரேல்லை" என்றாள்.

"விசரே உமக்கு? நாளைக்குக் கடல் எப்பிடியோ! வாரும் கெதியா!"

அவள் திரும்பி நடந்தாள். என் பை அவள் கையில் இருந்தது, ஆகவே நானும் நடந்தேன். மற்றவர்கள் தலைவரோடு போனார்கள்.

இன்பமக்கா கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை, வள்ளம் வெளிக்கிடப்போகுது."

"போகட்டும் அக்கா."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "குசினிக்கு வாங்கோ" என்றார். அடுப்பை மூட்டித் தேநீர் தந்தார். ஒவ்வொருவராகப் பக்கத்து வீட்டார் வந்தார்கள், கூட்டத்தில் ஊமையாக இருந்த அதே முகங்கள். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சபையில் வரவுசெலவுத் திட்டம் வந்த அன்று தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் எதிர்க்கச் சொன்னாராம். அக்காவும் எதிர்த்துக் கை தூக்கினார். ஒரேயொரு வாக்கால் திட்டம் தோற்றது. அதற்குள்தான் நெடுந்தீவின் தண்ணீர்க் குழாயும் இருந்தது.

"கை என்ர. தூக்கினது அவர்" என்றார் இன்பமக்கா. பிறகு கட்சியின் சொந்தக் கொள்கை அறிக்கையையே கையில் எடுத்தார். "கொழும்பு எண்டு வாற இடமெல்லாம் யாழ்ப்பாணம் எண்டு போட்டு வாசிக்கிறன், கேளுங்கோ. எங்கள் மண்ணை அறியாத யாழ்ப்பாணம் எங்களுக்காகத் தீர்மானிப்பதை இனியும் ஏற்கமாட்டோம்!"

குசினி சிரிப்பில் அதிர்ந்தது. தேவா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பாதி அழுகை என்று எனக்குத் தெரியும். அவளே எழுதிய வரிகள் அவை.

சிரிப்பு சட்டென்று நின்றது. வாசலில் கனகசபை அண்ணை. பின்னால் மற்றவர்கள், ஓட்டோ சாவியோடு றெஜி.

"நிப்பாட்டாதேங்கோ. முழுக்க வாசியுங்கோ" என்றார் அவர்.

இன்பமக்கா முழுக்க வாசித்தார். தலைவர் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் குந்தியிருந்து கேட்டார். முடிந்ததும், "தண்ணிக் குழாயை மறிச்சது நான்தான். அதுக்குள்ள அது இருக்கெண்டு நான் கேக்கேல்லை" என்றார். மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"பாவம், வள்ளத்தைத் தவறவிட்டிட்டார்" என்றேன் றெஜியிடம்.

"வள்ளம் அவருக்காகக் கன நேரம் நிண்டது அக்கா. அவர்தான் ஏறேல்லை."

அன்று பொழுதுபட நண்டுக் கறியும் புட்டும். என் வாழ்நாளில் அப்படி ஒரு நண்டு தின்றதில்லை, சத்தியமாக. நெடுந்தீவு விஷயத்தை நெடுந்தீவே முடிவு செய்யும், தொலைபேசியில் உத்தரவு வராது என்று எல்லோருமாகப் பேசித் தீர்த்தார்கள். தலைவர் வாங்கில் பாய் விரித்துப் படுத்தார்.

ஞாயிறு காலை வள்ளத்துக்கு எல்லோரும் ஆயத்தம். தலைவர் இன்பமக்காவிடம், "அப்ப நாங்கள் வெளிக்கிடலாமோ?" என்று கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டார்.

"இது நெடுந்தீவு விஷயம் அண்ணை. வாக்கெடுப்புக்கு விடுறன். இவை இன்னொரு நாள் நிக்கோணும் எண்டிறவை கையைத் தூக்குங்கோ."

முற்றத்தில் நின்ற எல்லாக் கையும் எழுந்தது. றெஜியின் கையும். தேவா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தூக்கினாள். கனகசபை அண்ணை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், துறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு மணிக்கூடு இல்லாத கையை நேராக உயர்த்தினார்.

நெடுந்தீவு போகிறவர்களுக்கு: தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், கிணற்று நீர் பல இடங்களில் உவர். வள்ள நேரமும் கட்டணமும் மாறும், முதல்நாளே விசாரியுங்கள். தங்குமிடங்கள் குறைவு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் கட்டாயம் தங்குங்கள். திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு கேட்டுவிட்டுப் போங்கள். துறையில் நின்றுகொண்டு, "சேர், என்னை இங்கே வாக்கெடுப்பில் மறித்துவிட்டார்கள்" என்று மேலாளருக்குப் புரியவைப்பது அவ்வளவு சுலபமில்லை.