கட்டளை வராதபோது நிற்கும் எஞ்சின்

கட்டளையிடும் கையிலிருந்து எதுவும் வராமல் போகும் கணத்தில் ஓர் இயந்திரம் என்ன செய்ய வேண்டும்? கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருக்க வேண்டுமா, எல்லாவற்றையும் விட்டு நின்றுவிட வேண்டுமா? சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஓர் ஆட்டுக்குட்டியின் பருமனுள்ள விளையாட்டுக் கார் இந்தக் கேள்வியை என்முன் வைத்தது.

கார் ஜௌபருடையது. கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த, பெற்றோலில் ஓடும் ரிமோட் கார். பெருநாளன்று கடற்கரையில் பிள்ளைகளுக்கு ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கல்முனையில் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் நான் சிறு எஞ்சின் பாடம் கற்பிக்கிறேன். காபரேட்டரைச் சரிபார்த்துத் தரும்படி அவர் கேட்டதால் பெருநாளுக்கு முந்திய ஒரு பின்னேரம் அங்கே போயிருந்தேன்.

கயிறு பிடித்த கைகள்

அந்த நேரம் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கயிறுகளிலும் வரிசையாக ஆட்கள், கடலைப் பார்த்தபடி, பின்னோக்கிக் காலெடுத்து வைத்து இழுத்தார்கள். வலை கரையை நெருங்கும் அந்தக் கட்டத்தில் ஒரு பக்கக் கயிறு தளர்ந்தாலும் வலை குலைந்து மீன் தப்பிவிடும். ஆகவே யாரும் கயிற்றை விடுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை.

கார் தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வட்டம் நேர்கோடாகியது. ஜௌபர் ரிமோட்டை அழுத்தினார், திருப்பினார், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முழு வேகத்தில் அலறியபடி அது இழுப்பவர்களின் முதுகை நோக்கிப் போயிற்று. நாங்கள் கத்தியதைக் கடலின் இரைச்சல் விழுங்கிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் சுற்றிவைத்திருந்த கயிற்றுக் குவியலில் ஏறிக் கவிழ்ந்ததால்தான் கார் அவர்களின் கால்களை எட்டவில்லை. கவிழ்ந்த பின்னும் நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. நான் ஓடிப்போய், சுழலும் சக்கரத்தின் பக்கத்தில் விரலை நுழைத்து எஞ்சினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நிறுத்துவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் பொத்தான். ஓடும் காரில் அதை எட்ட வேண்டுமென்றால் ஒருவர் அதன் பாதையிலேயே நிற்க வேண்டும்.

வலை கரையேறிய பிறகு குழுத் தலைவர் மீராசாகிபு, எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்றழைப்பவர், எங்களிடம் வந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு கதைத்தார்.

“மிஸ், கயிற உட்டா வல போகும். உடாட்டிக் கால் போகும். எங்கட ஆக்கள் எதப் பாக்கிற?”

ஜௌபர் தயங்கியபடி, “ஃபெயில்சேஃப் வெச்சிரிக்கி காக்கா. சிக்னல் போனா தானா பிரேக் புடிக்கும்” என்றார்.

“அது புடிச்ச லட்சணத்தத்தான் இப்ப கண்டமே. தானா நிக்கிற காருண்டா கொண்டு வா. இல்லாட்டி அலுமாரிக்க வெச்சிப் பூட்டு.”

கறுப்பு வயர்

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஓட்டத்தின் அதிர்வில், ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருடைய பெற்றரியின் இணைப்புக் கழன்றிருந்தது. ஃபெயில்சேஃப் ரிசீவருக்குள் இருப்பது. ரிசீவர் செத்தபோது காவலும் அதனுடன் செத்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டிலைத் திருப்பி இழுக்க வேண்டிய ஸ்பிரிங் மணலில் இறுகியிருந்தது. எஞ்சினுக்கோ அந்தப் பெற்றரி தேவையே இல்லை. சுழலும் காந்தத்திலிருந்து தன் ஸ்பார்க்கைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

அந்த ஸ்பார்க்கைக் கொல்வது மிக எளிது. ஸ்பார்க்கைத் தரும் கொயிலிலிருந்து வரும் ஒரு கறுப்பு வயர் எஞ்சினின் உலோகத்தைத் தொட்டால் போதும். அத்தனை வேகமும் ஒரு வயர் எதையும் தொடாமல் இருப்பதில் தங்கியிருக்கிறது என்பது, எத்தனை முறை கற்பித்தாலும், எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஜௌபர் ஒரு கில் சுவிட்ச் வாங்கி வந்தார். ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் அது வயரைத் தொடவைக்கும். அதற்கும் அதே பெற்றரிதான் உயிர் என்பதால் நான் வேண்டாம் என்றேன். பதிலுக்கு, மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்சான ரிலே ஒன்றை அதற்கு நேர்மாறாக வேலை செய்யும்படி பொருத்தினேன். பெற்றரியும் சிக்னலும் இருக்கும்வரை ரிலே வயரை உலோகத்திலிருந்து விலக்கிப் பிடித்திருக்கும். எது போனாலும் பிடி தளர்ந்து வயர் தொட்டுவிடும்.

“அப்ப சும்மா சும்மா நிக்குமே மிஸ். பெருநாளண்டு நிண்டா எனக்குத்தான் வெக்கம்.”

வீணாக நின்றால் வெட்கம் மட்டும்தான், நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கண்டீர்கள் என்றேன். ரிலே அதிர்வில் உதறாமலிருக்க அதை ஸ்பொஞ்சில் பொதிந்து வைத்தோம்.

சக்கரங்கள் நிலத்தில் படாதபடி காரைப் பலகைமேல் ஏற்றிச் சோதித்தோம். பெற்றரி இணைப்பைப் பிடுங்கியதும் எஞ்சின் நின்றது. ரிமோட்டை அணைத்தபோது நிற்கவில்லை. ரிலேக்கு ஒதுக்கிய சனலில் கடைசிக் கட்டளையையே ரிசீவர் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபெயில்சேஃப் திரொட்டிலுக்கு மட்டுமே பதியப்பட்டிருந்தது. அந்தச் சனலுக்கும் ‘நிறுத்து’ என்று பதிந்த பிறகு அதுவும் சரியாயிற்று. கறுப்பு வயரே அறுந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. ஆகவே ஒவ்வொரு முறையும் பலகைமேல் ஒருதரம் நிறுத்திப் பார்த்த பிறகே காரை மணலில் இறக்க வேண்டும் என்று ஜௌபரிடம் உறுதி வாங்கினேன்.

வலை இல்லாத ஒரு பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு, காக்காவின் கையிலேயே ரிமோட்டைக் கொடுத்தோம். கார் முழு வேகத்தில் நீரோரமாகப் போய்க்கொண்டிருக்க, அவர் ரிமோட்டை அணைத்தார். ஒரு மூச்சு நேரம். பிறகு அலறல் இருந்த இடத்தில் அலையின் சத்தம் மட்டும் இருந்தது. கார் சற்றுத் தூரம் மெல்ல உருண்டு, ஈர மணலில் ஓய்ந்தது. நானே பொருத்தியது, நானே சோதித்தது. இருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல்வதைக் கேட்கும் இயந்திரங்கள் எத்தனையோ உண்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒன்றை அன்றுதான் திறந்த வெளியில் கண்டேன்.

“ஸுப்ஹானல்லாஹ்” என்றார் காக்கா, மெதுவாக. பிறகு கரையேற்றியிருந்த தன் படகைப் பார்த்தார். கரைவலையைக் கடலில் வளைத்துவிடுவது அந்தப் படகுதான். “மிஸ், வல வளைக்கக்குள்ள என்ட மகன் தண்ணியில உழுந்தா, எங்கட எஞ்சின் நிக்குமா?”

போய்ப் பார்த்தேன். படகின் பின்புறத்தில் பூட்டிய வெளியிணைப்பு எஞ்சினுடன் வந்த சிவப்பு வாரின் கிளிப் சுவிட்சிலேயே நிரந்தரமாகக் கட்டப்பட்டிருந்தது. வார் வெட்டப்பட்டிருந்தது. அது ஓட்டுபவரின் கையில் மாட்டுவதற்கானது, அவர் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் நிற்கும் என்று சொன்னேன்.

“அது வேலைக்க இடஞ்சல் எண்டு நான்தான் வெட்டின” என்றார் அவர்.

புதிய வார் வாங்கப்பட்டது. காக்காவின் மகன் இப்போது அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்ட பிறகே எஞ்சினின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிறார். பெருநாளன்று கார் ஓடியது, வலை முழுவதும் கரைக்கு வந்த பிறகு. எங்கள் நிலையத்தில் சிறு எஞ்சின் வகுப்பின் முதல் பாடமாக இப்போது ஸ்டார்ட் செய்வதற்குப் பதிலாக நிறுத்துவதைக் கற்பிக்கிறோம்.