மிக்கேல் சம்மனசின் கண்கள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இன்றும் அப்படித்தான். மயானத்துப் பக்கம் தனியாக நடந்து வரச் சொன்னாலும் வருவேன். அதனால் இதைச் சொன்னதும் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் கவலையில்லை. ஆனால் நடந்தது பட்டப்பகலில், கூட ஒரு வகுப்பே இருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பழைய மாதா கோயில்களில் இருக்கும் சுரூபச் சிலைகளையும் படங்களையும் பார்த்து வரைந்து பழக வேண்டும் என்று டிராயிங் டீச்சர் எங்களைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போனார். அப்போது மலைக்கு ரோடு ஏது, பேளுக்குறிச்சிப் பக்கமிருந்து நடைதான், ஏறி முடிப்பதற்குள் முட்டி கழன்றுவிட்டது.

என்னோடு நடந்தவள் பிலோமினா, என் உயிர்ச் சிநேகிதி. அப்பா இல்லாத பெண். அவளுக்கு இருந்த ஒரே சொத்து அவள் வரைகிற படம்தான். அதை வைத்துத்தான் அவளும் அவள் அம்மாவும் பிழைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலையில் எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. செருப்புக் காலோடு ஊருக்குள் வந்துவிட்டோம் என்று முறைத்தார்கள். தண்ணீர் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் செம்மேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கோயில், அதில் மரத்தில் செதுக்கிய மாதா, பரவாயில்லை. மத்தியானம் பைல் நாடு என்கிற மலைக்கிராமத்தில் இன்னொன்று. அதைக் கட்டிய சாமியார் மலைக் காய்ச்சலில் போய்விட்டாராம், அதிலிருந்து பூசையே இல்லை. பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க மிக்கேல் சம்மனசின், அதாவது மிக்கேல் என்கிற தேவதூதரின் படம். அதை வரைந்த ஊர்க்காரரும் அதே காய்ச்சலில் போய்விட்டாராம். சம்மனசுக்கு ஒரு கையில் வாள், இன்னொரு கையில் தராசு, இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. முகத்தில் கண்கள் மட்டும் இல்லை. அந்த இடம் வெறும் சுண்ணாம்பு.

"அய்யோ பாவம், முடிக்காமலே உட்டுட்டாங்க" என்றாள் பிலோமினா. குறையாக நிற்கும் படத்தைக் கண்டால் முடித்துப் பார், கை தேறும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காகிதத்தில்தான் சொன்னார்கள். இவள் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் வெளியே களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

கண்கள் வந்தன. அன்பான கண்களாகத்தான் போட நினைத்தேன் என்று அவள் பிற்பாடு சொன்னாள். சுவரில் வந்தது அப்படியில்லை. நம்மைக் கண்டாலே ஆகாத ஒருத்தர் பார்க்கிற பார்வை அது.

வாசலில் சத்தம் கேட்டது. படம் வரைந்தவரின் மனைவி அரிவாளும் கையுமாக நின்றாள், அவள் பின்னால் ஊரே நின்றது.

"ஆரு புள்ள கண்ணு வெச்சது?"

"நான்தானுங்க" என்றாள் பிலோமினா.

"கண்ணாடி காட்டுனியா?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? எந்தச் சாமிக்குக் கண்ணு தொறந்தாலும் மொதப் பார்வை கண்ணாடி மேலதான் உழுவோணும். ஆளு மேல உழுந்தா அந்த ஆளு கண்ணு போச்சு. எங்கூட்டுக்காரரு சந்தையில கண்ணாடி வாங்கியாந்து தொறக்கறேன்னுதான் உட்டு வெச்சிருந்தாரு. போங்க, அத்தனை பேரும் வெளிய போங்க!"

சம்மனசுக்கு என்ன கண்ணாடிச் சடங்கு என்று டீச்சர் சத்தம் போட்டார். பதிலுக்கு ஒரு கல் வந்து விழுந்தது. கிளம்பினோம்.

கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். "என்னடி, திடீர்னு இப்படிப் பனி மூடுது?" என்றாள் பிலோமினா. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் கையை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தாள். "என் கை எங்கடி?" என்று அலறினாள்.

டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, அந்தச் சம்மனசு மேல், மலை மேல், எல்லார் மேலும். பையில் சின்னக் கைக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தேன். நம்பிக்கை எல்லாம் கிடையாது, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோயிலுக்குத் திரும்பி ஓடினேன்.

அந்தப் பெண் வாசலிலேயே இருந்தாள். கையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். நான் உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டாள். நான் பெஞ்சில் ஏறி, என் முகம் மறைய அந்தக் கண்ணாடியைச் சுவருக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கண்ணாடியைத் தள்ளினார்கள். அதை விலக்கி எப்படியாவது என்னைப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆத்திரத்தோடு தள்ளினார்கள். நானும் விடவில்லை, மணிக்கட்டு உடைகிற மாதிரி வலித்தது. சட்டென்று தள்ளுவது நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் சுவரில் கண்கள் இல்லை. பழையபடி வெறும் சுண்ணாம்பு, கரி இருந்த அடையாளம்கூட இல்லை.

நான் திரும்பி வந்தபோது பிலோமினா பாறை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். "தெரியுது டீச்சர், எல்லாம் தெரியுது!" சந்தோஷத்தில் ஓடிப்போய் அவள் எதிரே நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்து, "அவ எங்க, இன்னும் வரலையா?" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் தெரிவதில்லை. கண் டாக்டரிடம் பலகையின் கடைசி வரிவரை வாசித்தாள். டிராயிங் டீச்சராகி அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினாள். என் குரல் கேட்கும், கையைப் பிடித்தால் விடமாட்டாள், ஆனால் நான் நிற்கிற இடத்தில் அவளுக்குச் சுவர்தான் தெரியும். எந்தக் கண்ணால் பார்க்கிறாய் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. சுவரிலிருந்து மறைந்துபோன அந்தக் கண்கள் நான் எதிரே நின்றபோது என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தன. அது எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்தபோது பள்ளிக்கூடச் சுவர் முன்னால் வகுப்பாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம், நடுவில் நான். பல வருஷம் கழித்து அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து எனக்கு அனுப்பினாள் பிலோமினா. நடுவில் ஆள் இல்லை. பின்னால் இருந்த சுவரைச் செங்கல் செங்கலாகப் போட்டிருந்தாள். போட்டோவில் நான் மறைத்துக்கொண்டு நிற்கிற செங்கற்கள். அதில் ஒன்று மூலை உடைந்து, உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி.

பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுவர் அப்படியே இருந்தது. அன்றைக்கு நின்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்தில் ஒரு செங்கல் மூலை உடைந்திருந்தது, ஆணியும் இருந்தது.