கூட வந்தவர்கள்

நான் ரிட்டயரானதும் என் மகள் நல்ல கேமரா உள்ள போன் ஒன்றை வாங்கி அனுப்பினாள். "வூட்டுலயே அடைஞ்சு கெடக்காதம்மா. எங்கயாச்சும் போ, போட்டோ எடு, ஸ்டேட்டஸ்ல போடு. நீ நல்லா இருக்கன்னு எனக்கும் தெரியும்ல" என்றாள். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் பெரம்பலூரில், தனியாக. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நல்லா இருப்பதைக்கூடப் படம் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் முதல் தடவை பஸ் ஏறினேன்.

ஆரம்பத்தில் எடுத்த படங்களை இப்போது பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ரஞ்சன்குடிக் கோட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சாத்தனூர் கல்மரத்தின் மேல் என் விரல் படுத்திருக்கும். ஆனால் அப்போதெல்லாம் மகள் தினமும் ஆபீஸ் விட்டதும் கூப்பிடுவாள். "என்னம்மா இது, பாத்தா தல சுத்துது" என்று கேலி செய்வாள். அப்புறம் சாப்பிட்டாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று பேச்சு நீளும்.

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று யூட்யூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது. லென்ஸைத் துடைக்க வேண்டும். அரியலூர் பக்கம் போனால் சிமென்ட் லாரிப் புழுதி அப்பிக்கொள்ளும், முந்தானைதான் கைகொடுக்கும். கோபுரத்தின் உயரம் தெரிய வேண்டுமானால் படத்தில் ஆட்களை நிறுத்த வேண்டும்.

ஆட்களுக்கு நான் எங்கே போவேன்? கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ப் புல்தரையில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் ஏதாவது, "அக்கா, எங்கள ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்கும். எடுத்துக் கொடுத்துவிட்டு, என் போனை அவர்களில் ஒருவரிடம் நீட்டி, நானும் உங்களோடு நின்றுகொள்கிறேனே என்பேன். யாரும் மாட்டேன் என்றதில்லை. ஒரு நாள் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி என் தோளில் கைகூடப் போட்டாள். அந்தப் படம் அவ்வளவு அழகாக வந்தது. மேலே விமானத்தில் சாயங்கால வெயில், கீழே நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

"சூப்பரும்மா! செட்டு சேத்துட்டியா?" என்று மகள் கேட்டாள். அவள் குரலில் அத்தனை நிம்மதி. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. "ஆமாடி, எங்க செட்டுதான்" என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு படங்கள் நன்றாக வர வர, அவளுடைய போன் குறைந்துகொண்டே வந்தது. ஸ்டேட்டஸுக்கு ஒரு ஹார்ட் வரும், அவ்வளவுதான். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஊர் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவளை எதற்கு விசாரிக்க வேண்டும்? ஆபீஸ் விடும் நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு டிவி சத்தம்தான் கேட்கும். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

பொங்கலுக்காவது வருவாள் என்று இருந்தேன். "இந்தத் தடவ மாமியார் வூட்டுக்குப் போறோம்மா. ஒனக்குத்தான் செட்டு இருக்கே, எங்கயாச்சும் போயிட்டு வா" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

காணும் பொங்கலன்று ஜெயங்கொண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே வேறு பஸ் மாறி, கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கினேன். கோயில் புல்தரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஆளாளுக்கு என் கையில் போனைத் திணித்தார்கள். முட்டி வலியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துகூட எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் கோபுரத்தோடு முழுசாக வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மகள் வீடியோ காலில் வந்தாள்.

"ஹேப்பி பொங்கல்மா! எங்க, ஒன் செட்டக் காட்டு. எல்லாருக்கும் ஒரு ஹலோ சொல்லிடறேன்."

பக்கத்தில் ஒரு கூட்டம் கரும்பு கடித்துக்கொண்டிருந்தது. போனை அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் சிரித்துக் கையாட்டியிருப்பார்கள். திருப்பத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

"யாரும் இல்லடி."

"ஏன், சாமி கும்புடப் போயிருக்காங்களா?"

"எப்பவுமே யாரும் இல்லடி. நான் மட்டுந்தான் வரேன்."

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.