அக்காவுக்குப் போட்ட நாற்காலி

நல்ல கோழியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். தொடையில் விரலை வைத்து அமுக்கினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். நிமிரவில்லை என்றால், கடைக்காரர் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் அது நேற்றைய கோழிதான். கித்துல்கலையில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு விடுதியில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். படகு விட வருகிறவர்கள் நனைந்து நடுங்கிப் பசியோடு கரையேறும்போது அவர்களுக்கு இறைச்சி சுட்டுக் கொடுப்பது என் வேலை. இறைச்சி, மீன், குடிக்கிற சாமான் எல்லாவற்றையும் நானே பார்த்து வாங்குவேன். வேறு யாராவது வாங்கி வந்து வைத்தால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

பௌர்ணமி லீவான போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் எங்கள் விடுதியில் நிற்க இடம் இருக்காது. கொழும்பிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அப்படிப்பட்ட மூன்று நாள் லீவில் நான் ஒருமுறைகூட வீட்டில் இருந்ததில்லை. அந்தத் தடவை மட்டும் முதலாளியிடம் போய் நின்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு வேண்டும் என்றேன்.

"உம்பட்ட பிஸ்சுத மல்லி?" என்றார். தம்பி, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்கிறார். அக்கா குவைத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு, ஏழு வயது மகளை தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குக் கப்பலேறுகிற மாதிரிக் கிளம்பிப் போனவள். போனது விமானத்தில்தான், அழுதது மட்டும் கப்பலேறுகிறவர்கள் மாதிரி. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை, மூன்று வாரத்துக்கு வந்தாள். அவள் மகளுக்கு இப்போது பதினாறு வயது. என் பெண்சாதிதான் வளர்த்தாள். இந்த முறை அக்கா இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். திரும்பவும் அதே வீட்டுக்குப் போகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். யட்டியாந்தோட்டையிலிருந்து ஏஜென்ட் நாளுக்கு இரண்டு தரம் போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

அக்கா போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கத்தச் சொன்னால் கத்துவேன், கெஞ்ச வராது. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்லலாம் என்று நினைத்தேன். விடுதிக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். மறுநாள் நெருப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, சூடான ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, போகவே மனமில்லை என்பார்கள். அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

போயாவுக்கு இறைச்சிக் கடையும் திறக்காது, வைன் ஸ்டோர்ஸும் திறக்காது. சனிக்கிழமை திறந்தாலும் லீவுக் கூட்டத்தில் நல்ல துண்டு மிஞ்சாது. ஆகவே வியாழக்கிழமையே வேலையை முடித்துவிட்டு யட்டியாந்தோட்டைக்கு ஓடினேன். ஐஸ் பிடித்த கோழியைக் கையால்கூடத் தொடவில்லை. அன்றைக்கு உரித்த கோழியில், தோலோடு தொடை மட்டும் கேட்டேன். நெஞ்சுக் கறி நெருப்பில் காய்ந்துபோகும், அதை வாங்குகிறவன் சுடத் தெரியாதவன். பன்றி இறைச்சியில் விலாப் பக்கம், விரல் தடிப்புக்குக் கொழுப்பு இருக்கிறதாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். ஒன்பது வருடமாக அக்கா அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டாள். மிளகு ஊர் மிளகு, கையால் இடித்தது. எலுமிச்சை தோல் மெலிந்தது. எனக்கு இரண்டு பியர். அக்காவுக்கு இஞ்சி பியர், அதுவும் கண்ணாடிப் போத்தலில். பிளாஸ்டிக் போத்தலில் வருவதில் காரம் நிற்பதில்லை என்று எங்கள் விடுதியில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கும் அப்படியே தோன்றுகிறது. இறைச்சியை அன்றிரவே மிளகும் எலுமிச்சையும் பிரட்டி விடுதி பிரிட்ஜில் ஊற வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மீனுக்குப் போனேன். தோரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "அத உதே கெனாவே, மல்லி" என்றார் மீன்காரர். இன்று காலை கொண்டுவந்ததுதான், பொய்யில்லை. செவுள் செம்பரத்தம்பூ நிறத்தில் இருந்தது. வரும் வழியில் நான்கு தெம்பிலி இளநீர். ரப்பர் விறகு வேண்டாம், அதன் வாசம் இறைச்சியில் ஏறிவிடும் என்று ஒரு மூட்டை சிரட்டைக் கரி. விடுதியிலிருந்து பாதி பீப்பாயில் செய்த சுடுகிற அடுப்பையும், மெத்தை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றையும் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நாற்காலியைப் பார்த்ததும் என் பெண்சாதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னங்க, மதினிக்கு ஆக்குறீங்களா, மந்திரிக்கு ஆக்குறீங்களா?"

"நீ வாய மூடிக்கிட்டு பூண்ட உரி" என்றேன்.

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "தேங்கா இருந்தா குடுங்க, நான் திருவித் தாரேன்."

"நீ ஒண்ணும் செய்யக் கூடாது. இன்னைக்கு நீ சும்மா இருக்கணும், அவ்வளவுதான்" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் கிளம்பினாள். அவள் மகளிடம் அதையும் வாங்கி வைக்கச் சொன்னேன். வெங்காயம் வெட்டப் போனாள், கத்தியை என் பெண்சாதி வாங்கிக்கொண்டாள். கடைசியில் வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அக்கா ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

லயத்துக்குக் கீழே ஓடைப் பக்கம் கொஞ்சம் சமமான இடம் இருக்கிறது. அங்கே அடுப்பை வைத்து, புகை அடிக்காத பக்கமாக நாற்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்தேன். அவள் மகள் ஒரு தட்டில் இஞ்சி பியரை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அம்மா, இன்னும் ஏதாச்சும் வேணுங்களா?"

அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை என் பெண்சாதியிடம் பேசினால் "அத்த, இங்க வா, அத எடு" என்றுதான் பேசும். இப்போது எழுதும்போது எனக்கு விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியதெல்லாம் பிள்ளை நன்றாகப் பரிமாறுகிறாள் என்பது மட்டும்தான்.

கோழியை அடுப்பில் வைத்து ஐந்து நிமிடம் இருக்காது, அக்கா எழுந்து வந்துவிட்டாள். என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு இடுக்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"நெருப்பு நேரா கீழ இருந்தா தோலு கருகிடும்டா, உள்ள பச்சையாவே இருக்கும். கரிய ஒரு பக்கமாத் தள்ளு. மொதல்ல இங்க வச்சி வாட்டு, அப்புறம் அந்தக் காலிப் பக்கம் வச்சி வேக விடு."

தள்ளினாள், திருப்பினாள். விரலால் அமுக்கிப் பார்த்து இது வெந்தது, இது வேகவில்லை என்று ஒதுக்கினாள். பதினான்கு வருடம் சுட்டவன் நான். என்னைவிட நன்றாகச் சுட்டாள். வந்து ஒரு மாதமாகப் பார்க்காத ஒரு முகம் அப்போது அவளிடம் இருந்தது. மூக்கில் வியர்வை, வாயில் ஏதோ முணுமுணுப்பு. மகளைக் கூப்பிட்டு, "ஏ, வாயத் தொற" என்று ஒரு துண்டைப் பிய்த்து ஊட்டினாள். பிள்ளை சூட்டில் குதித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

"எங்கக்கா பழகின?" என்று கேட்டேன்.

"அங்க வெள்ளிக்கெழம லீவு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம தோட்டத்துல சுடுவாங்க. முப்பது பேரு, நாப்பது பேரு வருவாங்க. நான்தான் நிப்பேன்."

"நீ எப்ப திம்ப?"

"அவங்க எல்லாம் தின்ன பெறகுதான். ஆறிப் போயி ரப்பர் மாதிரி இழுக்கும்." சாதாரணமாகச் சொன்னாள். "சூட்டோட ஒருநாளும் தின்னதில்ல."

கையைத் திருப்பியபோதுதான் முழங்கைக்குக் கீழே வரிவரியாகச் சுட்ட தழும்பைப் பார்த்தேன். ஒரு மாதமாக அதே வீட்டில் இருக்கிறாள், நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யார் மேல் கோபம் என்று கேட்டால், அந்த வீட்டுக்காரர்கள் மேல், அந்த ஒன்பது வருடத்தின் மேல், ஏழு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வைத்த எல்லாவற்றின் மேலும். ஆனால் முன்னால் நின்றது அக்கா.

"இங்கயும் நீ வேலக்காரியா? குடு அத! போயி உக்காருன்னா உக்காரு!"

இடுக்கியைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய வேகத்தில் ஒரு தொடை மண்ணில் விழுந்தது. அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் நம்பர் கூப்பிடும் வரை இருக்கிறவர்களைப் போல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வைத்ததைச் சாப்பிட்டாள். கோழி ஒன்று, மீன் ஒன்று, பன்றி இறைச்சியில் ஒரு துண்டு. "நல்லாருக்கு" என்றாள். இன்னும் வைக்கப் போனபோது போதும் என்று தட்டை மறைத்தாள்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பி, பிள்ளைகளுக்குக் கொடுத்து, நான் ஒரு துண்டை எடுத்தபோது அது ஆறிப் போயிருந்தது. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நானும் சுட்ட இறைச்சியைச் சூட்டோடு தின்றதாக ஞாபகமில்லை. நல்ல கோழி எது என்று தொட்டுத் தெரியும், கண்ணால் தெரியும், மற்றவர்கள் தட்டில் மிச்சம் வைப்பதைப் பார்த்துத் தெரியும். நாக்குக்குத் தெரியாது. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினோம். நாற்காலி அங்கேயே கிடந்து நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா சொன்னாள். "நேத்து அந்தியில ஏஜென்டுக்கு போன் பண்ணி சரின்னு சொல்லிட்டேன்டா."

"ஏங்க்கா? சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்டேன். பதினான்கு வருடமாகக் கிளம்புகிறவர்களிடம் கேட்டுப் பழகிய கேள்வி, தன்பாட்டில் வாயில் வந்துவிட்டது.

அக்கா சிரித்தாள். "சாப்பாடெல்லாம் மொதல் தரம். நல்லா கவனிச்சீங்க. ஒரு தேங்கா திருவ விடல, ஒரு கொடம் தண்ணி தூக்க விடல. எம்புள்ள என்னைய வாங்க போங்கன்னு பேசுறா. அந்த அடுப்புக்கிட்ட நின்னேன் பாரு, அப்பதான்டா வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திச்சி. ஒம்போது வருஷமா யாருக்கெல்லாமோ சுட்டாச்சு, இன்னைக்குத்தான் நம்ம ஆளுகளுக்குச் சுடுறோம்னு நெனச்சேன். நீ புடுங்கிட்ட."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"விருந்தாளின்னா போகத்தானே வேணும்? புள்ள படிப்பும் இருக்குல்ல" என்றாள் அக்கா.

"போகாதக்கா" என்றேன். அப்போதுதான் வந்தது அந்த வார்த்தை.

"இத நேத்து சொல்லியிருக்கலாம்லடா, கோழிக்குப் பதிலா" என்றாள். சொல்லிவிட்டு என் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அதை மட்டும் நான் தடுக்கவில்லை.

அவள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. போன மாதமும் போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தது. விடுதி நிறைய ஆட்கள். பின்னேரம் நான்கு மணி இருக்கும், அடுப்பு முழுக்கக் கோழி. சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா. அவள் பக்கத்திலும் ஆட்கள் சிரிக்கிற சத்தம், தட்டுகளின் சத்தம், எண்ணெய் நெருப்பில் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"சாப்பிட்டியாக்கா?" என்றேன்.

"இன்னும் இல்லடா. இவங்க முடிக்கட்டும். நீ?"

"நானும் இன்னும் இல்ல."

அவள் சொன்னாள்: "கரிய ஒரு பக்கமாத் தள்ளிட்டியா? நீ பேசிக்கிட்டே நிப்ப, தோலு கருகிடும்."

நான் தள்ளியிருக்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரியை ஒரு பக்கமாகத் தள்ளினேன்.