ம்யூட்டில் கிடந்த என் சோலோ

1. நன்னிலத்து ரிசப்ஷன்

"கிட்டாரு கத்துக்கிட்டு வந்து மேடை ஏறும்மா!"

நன்னிலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா சத்தம் போட்டார். என்னைத்தான் சொன்னார். மேடையில் கிட்டாரோடு நின்றது நான் ஒருத்திதான். பாட்டு நடுவே கிட்டார் தனியாக வருகிற சோலோ அப்படி ஒரு அபஸ்வரமாக ஸ்பீக்கரில் அலறியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்பதற்கென்று வைத்திருந்த சின்ன ஆம்ப் பெட்டியில் என் சத்தம் சுத்தமாகத்தான் கேட்டது. ஆனால் முன்பக்கமிருந்து வேறென்னவோ அதோடு மோதிக்கொண்டு வந்தது. ட்யூனிங் இறங்கிவிட்டதோ என்று பதறிப்போய் எப்படியோ முடித்தேன்.

எங்கள் ஆர்கெஸ்ட்ரா ஓனர்தான் எங்கள் கீபோர்டு ப்ளேயரும். அவர் மைக்கைப் பிடித்து, "பொண்ணு புதுசு, மன்னிச்சுக்குங்க" என்றார். நான் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. என்ன புதுசு? நன்னிலம் என் சொந்த ஊர் வேறு. பந்தியில் என் அத்தை, "ஏன்டி, லீட் கிட்டாருன்னு பெருமை அடிச்சியே, இதுதானா?" என்றாள். மானம் கப்பலேறிவிட்டது.

2. ஐந்து ஸ்வரம்

இப்போது என்னிடம் க்ளாஸுக்கு வருகிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பாடமும் சொல்லிவிடுகிறேன். கிட்டாரை நான் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றவள். முதலில் ராக் ரிஃப். நாலு ஸ்வரத்தில் ஒரு துண்டு, அதையே திரும்பத் திரும்ப, தாளம் பிசகாமல். வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்புறம் மைனர் பென்டடானிக் ஸ்கேல். ஐந்தே ஸ்வரம். நாகஸ்வரத்தில் சுத்த தன்யாசி கேட்ட காதுக்கு அந்த ஸ்வரங்கள் புதுசே இல்லை. கிட்டாரில் அது ஒரு பாக்ஸ் மாதிரி விரலுக்குள் உட்கார்ந்துவிடும். ஐந்தாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்துப் பலகையின் ஐந்தாவது கட்டத்தில், ஆரம்பித்தால் ஏ மைனர். பாடுகிறவர் சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொன்னால் பாக்ஸை அப்படியே ஒரு ஃப்ரெட் பின்னுக்குத் தள்ளினால் போதும். கீபோர்டுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் இறங்கிவிடும். பாட்டு முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

பாக்ஸ் தெரிந்தால் சோலோ வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பென்டிங்தான் உயிர். மூணாவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தி, கம்பியை மேலே தள்ளி, அடுத்த ஸ்வரத்தைத் தொட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் அழுகிற மாதிரி இருக்கும். அது சரியாக வர என் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது.

3. செல்வம் சொன்னது

ரிசப்ஷன் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது சவுண்ட் பார்க்கிற செல்வம் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, தப்பு ஒங்களது இல்ல. முந்தின பாட்டுக்கு ஓனர் அரைக் கட்டை எறக்குனாரு, பட்டனத் திருப்பி வைக்க மறந்துட்டாரு."

"அவர் கீபோர்டுக்கும் என் சோலோவுக்கும் என்னடா சம்பந்தம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "சோலோவ அவருதான் கீபோர்டுல கிட்டார் டோன் வச்சு வாசிக்கிறாரு. ஒங்க லைன் மிக்ஸர்ல ம்யூட்டுக்கா, ஸ்பீக்கருக்குப் போகவே போகாது. நீங்க சேந்த நாள்லேருந்தே."

சோலோவில் ஓனர் கீபோர்டில் கை வைப்பதை நான் தினமும் பார்த்தவள்தான். "வயலின் மாதிரி ஸ்ட்ரிங்ஸ் போட்டு ஒனக்கு சப்போர்ட் பண்றேன்" என்றுதான் சொல்லியிருந்தார். ரெண்டு வருஷமாக என் ஆம்ப்பில் என்னை நானே கேட்டுக்கொண்டு, ஊரே கேட்கிறது என்று நம்பியிருக்கிறேன்.

மறுநாள் ஓனரிடம் நேராகவே கேட்டேன்.

"இதுல என்னம்மா இருக்கு? பொண்ணு கிட்டாரோட நின்னா மேடைக்கு ஒரு களை. அதுக்காக சோலோவுல ரிஸ்க் எடுக்க முடியுமா?"

"அப்ப தப்பு வந்தப்ப மட்டும் ஏன் சார் அது என் சோலோ ஆச்சு?"

"அடுத்த ப்ரோக்ராமுக்கு டைமுக்கு வந்துரு" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஆளுக்கு வெட்கம் என்பதே கிடையாதா என்று இருந்தது.

4. கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் திருவிழா

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அதே பாட்டு வந்தது. சோலோ ஆரம்பிக்கிற இடத்தில் ரெண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஸ்பீக்கரில் கிட்டார் சத்தம் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இந்தப் பொண்ணு கையத் தூக்கிட்டு நிக்கிது, சத்தம் எங்கேருந்து வருது?" என்றார். அவரைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது. ஓனர் என்னை முறைத்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கை நின்றுவிட்டது. ட்ரம்ஸ் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

செல்வம் அவரைக் கேட்கவில்லை. என் லைனைத் திறந்துவிட்டான். கம்பியில் கை பட்டதும் என் சத்தம் எதிரே இருந்த கடைத்தெருவில் மோதித் திரும்பியது. பாக்ஸ் பிசகவில்லை. ஆனால் பெரிய பென்டிங் ஒன்று எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மேடையை விட்டு இறங்கியதும் ஓனர் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, பிசிறடிச்சிருச்சு. இதுக்குத்தான் நான் பயந்தேன்."

"ஆமா சார். அத நான்தான் வாசிச்சேன்."

அதோடு அவர் என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும். பிள்ளைகளே, புதுக் குழுவில் சேர்ந்தால் முதல் நாளே ஆம்ப்பை அணைத்துவிட்டு வாசியுங்கள். ஒரு ஆளை ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் சத்தம் அங்கே வரவில்லை என்றால் காரணம் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று ரெண்டு வருஷம் காத்திருக்காதீர்கள்.