மூடிய புளியாரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புல்வெட்டுக் கும்பலில் இருந்தேன். செடி நிரைகளுக்கு நடுவே முளைக்கும் புளியாரைக் களையைச் சுரண்டியால் கிண்டி, சாக்கில் கட்டி எரிப்பதுதான் வேலை. காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதை தெறிக்கும். ஒரு செடியை விட்டால் அடுத்த மழைக்கு நிரை முழுக்க மஞ்சள் பூ. அதனால் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தோம். அக்காவுக்கு வயிற்றில் ரத்தக்கடுப்பு வந்தபோது, மருந்துக்குத் தோட்டத்தில் ஒரு பிடி புளியாரை இல்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்த வாரம் அதே நோயில் இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். தோட்டத்து மருந்து அக்காவுக்குக் கேட்கவில்லை. புளியாரையை அரைத்து மோரில் கொடுக்கலாம் என்று, வேலை முடிந்ததும் மேலே காட்டுக்கு ஏறினேன்.

காடு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. மூன்று இலைச் செடிகள் அங்கே பல உண்டு. புளியாரை என்றால் ஒவ்வொரு இலையும் நுனியில் பிளந்திருக்கும், மென்றால் புளிக்கும். துரை பங்களாத் தோட்டத்திலிருந்து பரவிய, ரோஸ் நிறத்தில் பூக்கும் செடியும் புளிக்கும், ஆனால் அதற்கு அடியில் கிழங்கு உண்டு, அது மருந்துக்கு ஆகாது என்பார்கள். ஒரு பாறையடியில் மஞ்சள் பூவோடு கண்டேன். காயைத் தொட்டேன், விதை கையில் தெறித்தது. மடி நிறையப் பறித்தேன்.

இறங்கும் வழியில், மழைத்தண்ணீர் வடிந்தோடும் கானருகே எங்கள் கும்பலின் கங்காணி நின்றார். மடியைப் பார்த்துச் சிரித்தார்.

"புடுங்கத்தானே பேர் போட்டுக் கூலி குடுக்குறோம். நீ வெதைக்கவா கொண்டு வர்ற? கானுல கொட்டு புள்ள."

அக்காவுக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். மடியை அவிழ்த்தேன். கொட்டினேன். தண்ணீர் கொண்டுபோகும் வரை அவர் நின்றார்.

மறுபடி ஏறினேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வெளிச்சம் குறைந்தால் புளியாரை இலையை மடக்கித் தொங்கவிடும், பூவும் மூடிக்கொள்ளும். அந்தப் பாறையைக் காணவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக மென்றேன். ஒன்று கசந்தது. ஒன்று நாக்கை மரக்கச் செய்தது, துப்பினேன். புளித்ததைத் தோண்டிப் பார்த்து, கிழங்கில்லாததை மட்டும் எடுத்தேன். ஒரு பிடிதான் தேறியது.

அக்கா குடித்தாள். "ஏண்டி இம்புட்டு நேரம்?" என்றாள்.

தேட வேண்டியிருந்தது என்றேன்.

மறுநாள் மதியம் போய்விட்டாள். மடி நிறைய இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது.

மழை விட்டபின், நான் கொட்டிய அந்தக் கானோரம் முழுக்க மஞ்சள் பூ. அந்த நிரை எனக்கே விழுந்தது. கங்காணி பின்னால் நின்றார். கடைசிச் செடிவரை கிண்டிச் சாக்கில் போட்டேன். அன்றைக்கு அக்காவுக்குத்தான் பறித்தேன் என்று அப்போதும் அவரிடம் சொல்லவில்லை.